மூன்று நூல் குழாய்

எங்கள் வீட்டு நிலவறையில், தரைக்கு அடியில் ஒரு செப்புக் குழாய் புதைந்திருந்தது. மூன்று நூல் குழாய். அங்குலத்துக்கு எட்டு நூல் என்று நம்மூர் மேஸ்திரிகள் சொல்வார்களே, அந்தக் கணக்கு. எட்டு வருஷம் அந்த வீட்டில் குடியிருந்தும் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. போன அக்டோபரில் வருஷாந்திர சர்வீஸுக்கு வந்த மெக்கானிக் எண்ணெய் டேங்க்குக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இந்தக் குழாய் எங்கே போகிறது என்று கேட்டார். டேங்க்கின் காலடியில் தரைக்குள் இறங்கிய குழாய், பதினாறு அடி தள்ளி, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்குப் பக்கத்தில்தான் மறுபடி தலை காட்டியது. நடுவில் முழுக்க சிமென்ட் தரை. அந்தத் தரைமேல்தான் என் மகன் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டிப் பழகினான்.

நாங்கள் இருப்பது மாசசூசெட்ஸில், வூஸ்டருக்குப் பக்கம். அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில் வீட்டைச் சூடாக்குவது எரிவாயுவோ மின்சாரமோதான். இந்த வடகிழக்கு மூலையில் உள்ள மாநிலங்களில்தான் எண்ணெய் இன்னும் விடாமல் இருக்கிறது. எங்களுக்கு வடக்கே மேய்ன் மாநிலத்தில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் எண்ணெயில்தான் குளிர்காலத்தைக் கடத்துகின்றன. எங்கள் தெருவுக்கு எரிவாயுக் குழாய் வரவே இல்லை. வீடு 1928-இல் கட்டியது. அப்போது நிலக்கரி. வீட்டின் அஸ்திவாரச் சுவரில் வெளிப்பக்கம் ஒரு சின்ன இரும்புக் கதவு இன்னும் இருக்கிறது, நிலக்கரி கொட்டுவதற்கு. பிறகு யாரோ எண்ணெய்க்கு மாற்றினார்கள். அப்படி மாற்றியபோது குழாயை வசதியாகத் தரைக்குள் போட்டு மூடிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இந்த எண்ணெய் டீசலுக்குக் கூடப்பிறந்தது மாதிரி. சிவப்புச் சாயம் கலந்து வரும். வண்டியில் ஊற்றும் டீசலுக்குச் சாலை வரி உண்டு, வீட்டு எண்ணெய்க்குக் கிடையாது. வரி கட்டாத எண்ணெயை எவரும் லாரியில் ஊற்றிவிடக் கூடாது என்பதற்காக இந்தச் சாயம். முதல்முறை இதைப் பார்த்தபோது எனக்கு ரேஷன் கடை மண்ணெண்ணெய் ஞாபகம் வந்தது. அது நீலமாக இருக்கும். காரணம் அதே காரணம்தான்.

ஃபர்னஸ் வேலை செய்யும் விதம் கேட்டால் லேசானது. வீட்டில் குளிர் ஏறினால் சுவரில் உள்ள தெர்மோஸ்டாட் சொல்லும். ஃபர்னஸில் எண்ணெயை எரிக்கும் பகுதிதான் பர்னர். அதில் இருக்கும் பம்ப் எண்ணெயை உறிஞ்சி, சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தத்தில் ஒரு நாசிலுக்கு அனுப்பும். குண்டூசி முனையைவிடச் சின்ன துளை. அதில் எண்ணெய் பனிப்புகையாகச் சீறும், பக்கத்தில் மின்பொறி, தீ. எங்கள் நாசில் மணிக்கு முக்கால் கேலன் எரிக்கும். அந்தச் சூட்டைக் காற்றில் ஏற்றி ஊதுவிசிறி வீடு முழுக்க அனுப்பும். ஸ்டவ்வில் பின் போட்டுக் குத்தி அடைப்பு எடுத்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை.

பிரச்சினை ஃபர்னஸில் இல்லை, டேங்க்கிலும் இல்லை. நடுவில் போகும் அந்தக் குழாயில்தான். மெக்கானிக் ஒரு அட்டைப்பெட்டியின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். பழைய டேங்க்குகளில் எண்ணெய் வெளியேறும் துளை அடியில் இருக்கும். 275 கேலன் டேங்க், அதாவது ஆயிரத்து நாற்பது லிட்டர். நிரம்பியிருக்கும்போது எண்ணெய் மட்டுமே முக்கால் டன்னுக்கு மேல். அத்தனை எண்ணெயும் அந்த மூன்று நூல் குழாய் வழியாக இறங்கப் பார்த்துக்கொண்டே எப்போதும் நிற்கிறது. ஃபர்னஸ் ஓடினாலும் ஓடாவிட்டாலும். நாங்கள் தூங்கும்போதும், ஊருக்குப் போய் ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடக்கும்போதும். குழாயில் ஊசித் துளை விழுந்தால், யாரும் எதையும் திறக்காமலே, டேங்க் தானாக இறங்கி முடியும்.

சிமென்ட்டும் ஈரமும் சேர்ந்தால் செம்பை அரித்துவிடும். அதனால்தான் வெறும் குழாயைச் சிமென்ட் தொடும்படி போடக் கூடாது என்கிறார்கள். தரைக்கு மேலே ஒழுகினால் கறை தெரியும், நாற்றம் வரும். தரைக்கு அடியில் ஒழுகினால் மண் குடித்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்காரருக்கு ஒரே அறிகுறி, இந்த வருஷம் எண்ணெய் கொஞ்சம் கூடச் செலவாகிறதே என்பதுதான். குளிர் ஜாஸ்தி என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

இதற்கு மாசசூசெட்ஸில் சட்டமே இருக்கிறது. ஒன்று முதல் நான்கு குடித்தனம் வரை உள்ள வீடுகளில், எண்ணெய்க் குழாய்க்கு மேலுறை இருக்க வேண்டும், அல்லது டேங்க் பக்கம் ஒரு பாதுகாப்பு வால்வு இருக்க வேண்டும். 2011 செப்டம்பர் 30-க்குள் எல்லாரும் மாற்றியிருக்க வேண்டும் என்று கெடு. 1990-க்குப் பிறகு முறைப்படி போட்டவற்றில் இது பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். எங்களுடையது அதற்கு ரொம்ப முந்தியது. நாங்கள் வீடு வாங்கும்போது பரிசோதித்தவர் கூரையைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தார், குழாயைப் பற்றி ஒரு வரி இல்லை. வீடு வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து டேங்க்கிலிருந்து ஃபர்னஸ் வரை குழாயைக் கையால் தொட்டுக்கொண்டே நடந்து பாருங்கள். எங்காவது கை தரையில் முட்டினால் நின்று கேளுங்கள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. பத்து கேலன் எண்ணெய் மண்ணில் போனாலே இரண்டு மணி நேரத்துக்குள் மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அப்புறம் தரையை உடைத்து, மண்ணைத் தோண்டி, லாரியில் ஏற்றி, அதற்கான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டுக் காப்பீட்டில் எண்ணெய்க் கசிவுக்கான பகுதியைத் தனியாகக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். நிறுவனங்கள் அதைத் தர முன்வர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது, ஆனால் கேட்க வேண்டியது நாம்தான். நாங்கள் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் காலை அப்பாவுக்குப் போன் போட்டேன். அப்பா மன்னார்குடிப் பக்கம் முப்பது வருஷம் ஆயில் இன்ஜின் வைத்து இறைத்தவர். விஷயத்தைச் சொன்னதும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"எத்தனை நூல் குழாய்ம்மா?"

"மூணு நூல் இருக்கும்ப்பா."

"அத மண்ணுக்குள்ளயா விட்டிருக்காங்க? நாம இன்ஜினுக்கு டீசல் டியூப் கண்ணுக்குத் தெரியறாப்ல தானேம்மா விடுவோம். மேல எடுத்து விடச் சொல்லு."

எனக்கு வேண்டிய தைரியம் அந்த ஒரு வார்த்தையில் கிடைத்தது. டேங்க்கும் நாற்பது வருஷத்துக்கு மேலானது. எஃகு டேங்க் வெளியிலிருந்து துருப்பிடிப்பதைவிட உள்ளிருந்துதான் அதிகம் போகும். காற்றின் ஈரம் உள்ளே நீராக இறங்கும், நீர் எண்ணெயைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும், அங்கே கசடும் சேரும், அடித்தகடு உள்ளிருந்து புள்ளி புள்ளியாக அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். குழாயை மட்டும் மாற்றி இதை விட்டுவைப்பதில் அர்த்தம் இல்லை. இரண்டையும் சேர்த்தே செய்வது என்று முடிவு செய்தோம்.

இந்த ஊரில் இதை நாமாகச் செய்ய முடியாது. எண்ணெய் பர்னருக்கென்று மாநில உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும், தீயணைப்புத் துறையில் அனுமதி வாங்க வேண்டும். அது சரியான ஏற்பாடு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. டேங்க்கை வெளியே வைக்கலாமா என்று கணவர் கேட்டார். வைக்கலாம், ஆனால் இங்கே ஜனவரியில் எண்ணெய் கெட்டிப்பட்டு மெழுகு பிடித்து ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். நிலவறையே நல்லது. இரட்டைச் சுவர் டேங்க் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். உள்ளே கெட்டியான பாலிஎத்திலீன், வெளியே துத்தநாகம் பூசிய எஃகு. உள்ளே இருப்பது ஒழுகினாலும் வெளிச்சுவர் பிடித்துக்கொள்ளும். எல்லாத் துளைகளும் மேலேதான், அடியில் ஒன்றும் கிடையாது. நான் அதை வாங்கியதே இந்த ஒன்றுக்காகத்தான். மொத்தச் செலவு நாலாயிரம் டாலருக்குக் கொஞ்சம் மேலே போனது.

நவம்பர் முதல் வாரம் இரண்டு பேர் வந்தார்கள். மேலாக நின்ற தெளிந்த எண்ணெயை டிரம்களில் இறைத்து வைத்தார்கள். பிறகு பழைய டேங்க்கை ரம்பம் போட்டு நடுவில் பிளந்தார்கள். அடியில் நான்கு விரற்கடைக்குக் கரும்பழுப்புக் கசடு, கேழ்வரகுக் கூழ் பதத்தில். அதை வழித்து வாளியில் எடுத்த பிறகு, மெக்கானிக் என்னைக் கூப்பிட்டு அடித்தகட்டைத் திருப்பிக் காட்டினார். அம்மை வடு மாதிரி குழிகள். ஒரு குழியில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து லேசாக அழுத்தினார். உள்ளே போய்விட்டது. நான் எதுவும் பேசவில்லை.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. புது டேங்க்கை உள்ளே கொண்டுவருவதற்கு முன்பே, வெளிச்சுவரில் இருந்த பழைய நிரப்புக் குழாயை அடியோடு கழற்றிவிட்டார். டேங்க்கை எடுத்துவிட்டுக் குழாய் வாயை மட்டும் சுவரில் விட்டுவைத்த வீடுகள் உண்டாம். பழைய முகவரியை வைத்துக்கொண்டு எண்ணெய் லாரி வரும், அல்லது பக்கத்து வீட்டுக்கு வந்தவர் வீடு மாறி வந்துவிடுவார். வாயில் குழாயை மாட்டித் திறந்தால் இருநூறு கேலன் நேராக நிலவறைத் தரையில். எரிவாயுவுக்கு மாறியவர்களின் வீடுகளில் இது உண்மையிலேயே நடந்திருக்கிறது. டேங்க் இல்லாத வீட்டில் நிரப்புக் குழாய் ஒரு மணி நேரம்கூட இருக்கக் கூடாது என்றார்.

புதுக் குழாய்கள் இரண்டு வெளியே போகின்றன. எண்ணெய் ஊற்ற இரண்டு அங்குலக் கறுப்பு இரும்புக் குழாய், காற்று வெளியேற ஒன்றே கால் அங்குலக் குழாய். காற்றுக் குழாயின் வாய் பனி குவிந்தாலும் மூடாத உயரத்தில், வலை போட்ட மூடியோடு. அந்தக் காற்றுக் குழாயின் அடியில், டேங்க்குக்குள் ஒரு விசில் இருக்கிறது. லாரி எண்ணெய் இறக்கும்போது உள்ளே இருக்கும் காற்று அந்த விசில் வழியாக வெளியேறி ஊதிக்கொண்டே இருக்கும். எண்ணெய் விசிலின் வாலைத் தொட்டதும் சத்தம் நின்றுவிடும். லாரிக்காரர் வெளியே தெருவில் நின்றுகொண்டு டேங்க்கைப் பார்க்க முடியாது, காதுதான் அவருக்குக் கண். குக்கர் விசில் வந்தால் அடுப்பை அணைத்துப் பழகிய எனக்கு, விசில் நின்றால் நிறுத்து என்பது மனதில் பதியக் கொஞ்ச நேரம் ஆனது. விசில் கேட்கவே இல்லை என்றால் லாரிக்காரர் ஊற்றக் கூடாது. நல்ல லாரிக்காரர்கள் ஊற்ற மாட்டார்கள்.

பிறகுதான் குழாய். ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் உறை ஏற்கெனவே போர்த்திய செப்புக் குழாய், சுருளாக வந்தது. அதைத் தரைக்கு மேலே, சுவரோரமாக, ஆளுக்கு இடறாத இடத்தில் கிளிப் போட்டு ஓட்டினார். இணைப்புகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். குழாயை வெட்டுகருவியில் பிடித்து மெதுவாகச் சுற்றிச் சுற்றி வெட்டினார். வெட்டிய வாயில் உள்பக்கமாகச் சுருண்ட பிசிறைச் சுரண்டி எடுத்தார், குழாயைத் தலைகீழாகப் பிடித்து, தூள் உள்ளே விழாதபடி. நட்டை முதலில் குழாயில் ஏற்றினார். இதை மறந்துவிட்டு வாயை விரித்தால் மறுபடி வெட்ட வேண்டியதுதான். பிறகு பிடிகட்டையில் குழாயை இறுக்கி, கூம்பை ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு வாயில் வைத்துத் திருகினார். செம்பு மெல்ல மலர்ந்து வந்தது. ஊமத்தம்பூ வாய் மாதிரி, நாற்பத்தைந்து பாகைச் சரிவில். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரத்தில் மயிரிழை விரிசல். எனக்குத் தெரியவே இல்லை, அவர் காட்டிய பிறகுதான் தெரிந்தது. வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்தார். அந்த வெட்டிய துண்டை நான் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஏன் இந்த மலர்த்தல், சாதாரண வளையம் வைத்து இறுக்கும் கப்ளிங் போதாதா என்று கேட்டேன். எண்ணெய்க் குழாயில் அதற்கு அனுமதியே இல்லை. இங்கே செம்பும் பித்தளையும் நேருக்கு நேர் உட்கார வேண்டும். மரையில் டெஃப்லான் டேப்பும் சுற்றக் கூடாது. அதன் நூல் பிரிந்து பம்ப்புக்குள்ளும் நாசிலுக்குள்ளும் போய் அடைத்துக்கொள்ளும். இரும்பு மரைகளுக்கு எண்ணெய் தாங்கும் பசை மட்டும்தான்.

வால்வுகளில் ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. டேங்க்குப் பக்கம் ஒன்று, பர்னர் பக்கம் ஒன்று என்று இரண்டு வால்வுகள், வட்டக் கைப்பிடியோடு. உள்ளே ஒரு ஸ்பிரிங் எப்போதும் மூடப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அதைத் திறந்த நிலையில் பிடித்து வைத்திருப்பது கைப்பிடியில் உள்ள ஒரு சொட்டு உலோகம். 165 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 74 செல்சியஸில், அது உருகிவிடும். நிலவறையில் தீப்பிடித்தால், கரன்ட் இல்லாவிட்டாலும், ஆள் இல்லாவிட்டாலும், அந்தச் சொட்டு உருகி ஸ்பிரிங் எண்ணெயை அடைத்துவிடும். இதைக் கண்டுபிடித்தவரை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. இதோடு சட்டம் சொன்ன பாதுகாப்பு வால்வையும் போட்டார். உறை போட்ட குழாய்க்கு அது கட்டாயம் இல்லை. ஆனால் டேங்க்கின் மேலிருந்து எடுத்தாலும், எண்ணெய் மட்டத்துக்குக் கீழே இறங்கும் குழாய் உடைந்தால், தொட்டியில் டியூப் போட்டு வாயால் உறிஞ்சிவிட்ட தண்ணீர் மாதிரி எண்ணெய் தானாக வந்துகொண்டே இருக்கும். பம்ப் இழுத்தால் மட்டும் இந்த வால்வு திறக்கும். குழாய் உடைந்து இழுப்பு போனால் மூடிக்கொள்ளும்.

சாயங்காலம் நான்கு மணிக்கு எல்லாம் மாட்டியாகிவிட்டது. டிரம்மில் இருந்த எண்ணெயை ஃபில்டர் வழியாகப் புது டேங்க்கில் ஊற்றினார்கள். வெளியே வெயில் இறங்கி, வீடு பன்னிரண்டு டிகிரி செல்சியஸுக்கு வந்திருந்தது. அப்பாவை வீடியோ காலில் கூப்பிட்டேன். அங்கே பின்னிரவு இரண்டரை மணி. தூங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏர் எடுத்தாச்சா?" என்றார் முதல் வார்த்தையாக.

அதைத்தான் அப்போது தொடங்கியிருந்தார்கள். காலிக் குழாயில் முழுக்கக் காற்று. பம்ப் காற்றை இழுத்தால் தீ பிடிக்காது, பிடித்தாலும் விக்கி விக்கி அணையும். பம்ப்பின் பக்கவாட்டில் உள்ள சின்னத் திருகில் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் ஒரு பிளாஸ்டிக் டியூபை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டு, திருகைக் கால் சுற்றுத் தளர்த்தி, மோட்டாரை ஓடவிட்டார். முதலில் வெறும் காற்று. அப்புறம் இளஞ்சிவப்பு நுரை, புஸ் புஸ் என்று துப்பிக்கொண்டு. நான் போனை டியூப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். இன்ஜின் ஏர் பிடித்துக்கொண்டால் அப்பா வரப்பில் குந்தி, பைப்பு நட்டைத் தளர்த்தி, டீசல் குமிழி இல்லாமல் வரும்வரை பெருவிரலால் பம்ப் அடிப்பார். நான் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். நாற்றம்கூட அதே நாற்றம்.

"நொர நிக்கட்டும். அவசரப்பட்டு மூடச் சொல்லாத."

மெக்கானிக்குக்குத் தமிழ் புரியவில்லை, ஆனால் யார் என்று கேட்டார். என் அப்பா, ஊரில் டீசல் பம்ப் ஓட்டியவர், அவசரப்பட வேண்டாம் என்கிறார் என்று சொன்னேன். அவர் போனைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, திருகை மூடாமல் இன்னும் அரை நிமிஷம் விட்டார். நுரை மெலிந்து, குமிழிகள் ஒன்றிரண்டாகி, கடைசியில் டியூபில் சிவப்பு ஒரே கோடாக நின்றது. அது ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை, அவ்வளவு தெளிவு. திருகை இறுக்கினார். ஒரு வினாடி கழித்து உள்ளே குபீர் என்றது.

"பிடிச்சிருச்சு," என்றார் அப்பா.

மறுநாள் தீயணைப்புத் துறையிலிருந்து ஒருவர் வந்தார். டேங்க் தீயிலிருந்து ஐந்தடிக்கு மேல் தள்ளியிருக்கிறதா, குழாய் உறை முழுக்க இருக்கிறதா, படிக்கட்டின் மேலே சிவப்புத் தகடு போட்ட அவசர ஸ்விட்ச் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பழைய குழாயை இரண்டு பக்கமும் வெட்டி, உள்ளே இருந்த எண்ணெயை ஊதி வெளியேற்றி, வாயை அடைத்திருந்தார்கள். குழாய் இறங்கிய இடத்தில் தரையைக் கொஞ்சம் கொத்தி மண் எடுத்துப் பார்த்தார்கள். ஈரம் இருந்தது, எண்ணெய் இல்லை. எங்கள் நல்ல நேரம்.

வியாழக்கிழமை லாரி வந்தது. நான் நிலவறையில் நின்றேன். விசில் ஆரம்பித்தது, சத்தமாக, ஒரே சுருதியில். மூன்று நிமிஷம் இருக்கும். சட்டென்று நின்றது. மேலே லாரியின் பம்ப்பும் நின்றது.

அன்றைக்கு அப்பா ஒரு வேலை சொன்னார். எல்லா நட்டுக்கும் அடியில் பழைய நியூஸ்பேப்பர் போட்டு வைக்கணுமாம். தண்ணீர் சொட்டினால் காய்ந்துவிடும், எண்ணெய் சொட்டினால் தாளில் கண்ணாடி மாதிரி வட்டம் விழுந்து போகவே போகாது. எங்கள் வீட்டுக்குச் செய்தித்தாள் வருவதில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ஞாயிற்றுக்கிழமைத் தாளைக் கேட்டு வாங்கி, ஃபில்டருக்கு அடியில் ஒன்று, வால்வுகளுக்கு அடியில் இரண்டு, பம்ப்புக்கு அடியில் ஒன்று என்று விரித்தேன். மூன்றாம் நாள் போட்டோ எடுத்து அனுப்பினேன். நாலு தாளும் காய்ந்த தாள்.

"இன்னும் ஒரு வாரம் கிடக்கட்டும்மா," என்று பதில் வந்தது.